சண்டைக்கு முன் ஒரு சொட்டு

"ரெண்டு நிமிஷம் நில்லுங்க. வந்து திட்டுறேன்" என்று சொல்லிவிட்டு பாக்கியலட்சுமி கடையின் உள்பக்கம் போகிறார். எரிந்துபோன ட்ரில் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு காண்டிராக்டர் நிற்கிறார். வாங்கும்போதே அது பழுது என்பது அவர் கட்சி. நைலான் கயிறுகள் சுருள் சுருளாகத் தொங்கும் மூலையில், கவிழ்த்த பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து, ஏப்ரன் பையிலிருந்து சுகர் மெஷினை எடுக்கிறார் பாக்கியலட்சுமி. மோதிர விரலின் ஓரத்தில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் தொட்டு வைக்கிறார். எண் தெரியும்வரை மின்விசிறியைப் பார்க்கிறார். பிறகு விரலை டிஷ்யூவில் அழுத்திக்கொண்டே எழுந்து வருகிறார். முகம் தெளிந்திருக்கிறது.

"ம். இப்பச் சொல்லுங்க. இவன மழையில போட்டு வச்சீங்களா இல்லையா?"

காண்டிராக்டர் கொஞ்ச நேரம் மழுப்புகிறார். பிறகு புது ட்ரில் ஒன்று வாங்கிக்கொண்டு போகிறார்.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பகுதியில் இருக்கும் ஹார்ட்வேர் கடை அது. முதலாளி சீனர்; மாடியில் தூங்குவதுதான் அவருடைய முக்கிய வேலை என்று பாக்கியலட்சுமி சொல்வார். கீழே எல்லாம் இவர் ராஜ்ஜியம். கொண்டையில் ஒரு முழம் மல்லிகையும், அதன் நடுவே ஒரு பென்சிலும் இருக்கும். கருவிகள் எல்லாம் அவருக்கு 'அவன்', 'இவன்'தான். "இவன் வெல கம்மி, ஆனா சோம்பேறி. அவன எடுத்துக்க, உழைப்பான்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் தங்கும் விடுதிகளிலிருந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பூட்டு வாங்க வருவார்கள். அவர்களிடம் ஊர் பேர் கேட்காமல், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் பூட்டைக் கொடுக்க மாட்டார். "போய்ச் சாப்பிட்டு வா. பூட்டு எங்கயும் ஓடாது லா."

ஆங் மோ கியோவில் நானும் அவரும் ஒரே புளோக்கில் குடியிருக்கிறோம். ஆனாலும் சமையலறை அலமாரிக்குக் கீல் வாங்கப் போன அன்றுதான் அவரிடம் நிதானமாகப் பேச வாய்த்தது. சண்டைக்கு முன் எதற்கு அந்த ஊசி என்று கேட்டேன்.

"எனக்குச் சுகர் வந்ததுக்கு அப்புறம் கோபமே வந்ததில்ல, தெரியுமா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் குரல் ரோட்டைத் தாண்டிக் கேட்கக்கூடியது.

"சிரிக்காத. நான் கத்துனா, வீட்டுல யாரும் கோபம்னு சொல்றதில்ல. சுகர் ஏறிடுச்சுங்கிறாங்க. அழுதா, சுகர் எறங்கிடுச்சு. பேசாம உக்காந்திருந்தா, மாத்திரை போட்டியான்னு கேக்குறாங்க."

"சந்தோஷமா இருந்தா?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு ஒண்ணும் கேட்டதில்ல. அத மட்டும் எனக்கே விட்டுட்டாங்க."

அவருடைய கணவர் சேதுபதி சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். இன்சுலின் தொடங்கிய புதிதில், ஒருநாள் அவர் வீடு திரும்பியபோது பாக்கியலட்சுமி சமையலறைத் தரையில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். அன்று பிடித்த பயம் சேதுபதியை விடவேயில்லை. 'சுகர் பாத்தியா?' என்பது அவர் வாயில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. மனைவியின் முகம் எப்படி மாறினாலும் அதே கேள்விதான்.

போன வருடம் பாக்கியலட்சுமியின் தோழி சரஸ்வதி, பெண்கள் மட்டுமாகக் மலேசியாவிலுள்ள கேமரன் மலைக்குப் போக ஒரு பஸ் ஏற்பாடு செய்தார். பாக்கியலட்சுமி சிராங்கூன் ரோட்டில் ஒரு ஊதா ஸ்வெட்டர் வாங்கி, சிங்கப்பூர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் நெருங்கியும் சரஸ்வதியிடமிருந்து பேச்சே இல்லை. நேரில் போய்க் கேட்டபோது சரஸ்வதி திகைத்துப்போனார்.

"சேதுபதி அண்ணன்தானே போன் பண்ணுனாரு? உனக்குச் சுகரு, மலையெல்லாம் வேணாம்னு. ஒன் சீட்ட வேற ஆளுக்குக் கொடுத்துட்டேனே!"

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக பாக்கியலட்சுமி கேட்டார்: "யாரக் கேட்டு அவகிட்ட சொன்னீங்க?"

சேதுபதி டிவி சத்தத்தைக் குறைத்தார். "லட்சுமி, சுகர் பாத்தியா?"

அறைக்குள்ளிருந்து மகள் திவ்யதர்ஷினி, "அம்மா, செக் ஃபர்ஸ்ட் லா. அப்புறம் பேசலாம்" என்றாள்.

பாக்கியலட்சுமி அவர்கள் கண்முன்னாலேயே விரலைக் குத்தினார். ஆறு புள்ளி நாலு. சிங்கப்பூர்க் கணக்கில் நாலுக்குக் கீழே போனால்தான் மயக்கம், குழப்பம் எல்லாம். ஆறு என்பது டாக்டர் பாராட்டும் எண். மெஷினைக் கணவரின் மடியில் வைத்தார்.

"சுகர் நல்லாத்தான் இருக்கு. இப்பப் பேசறது நான்."

பிறகு அவர் நெடுநேரம் பேசினாராம். பல வருடங்களாகச் சுகர் என்று பெயர் வைத்து ஒதுக்கப்பட்ட கோபங்கள் எல்லாம் வரிசையில் வந்தனவாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சேதுபதி எழுந்துபோய் அரிசி களைந்து குக்கரில் வைத்தார். அந்தப் பயணம் மட்டும் கை நழுவியது நழுவியதுதான். ஆனால் அன்றிலிருந்து, வீடானாலும் கடையானாலும், குத்திப் பார்க்காமல் பாக்கியலட்சுமி சண்டைக்கு இறங்குவதில்லை.

"அப்ப மெஷின் உங்க கட்சின்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் கீல்களைத் தேடி எடுத்தார். ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார்.

"ஒரு தடவ குத்தாம கத்திட்டேன்" என்றார். திவ்யதர்ஷினியின் கல்யாண வேலைகள் நடந்துகொண்டிருந்த நேரம். அழைப்பிதழ் பற்றி ஏதோ சின்னப் பேச்சு. "நீ போய்த் தொலஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டார். சொல்லி முடிப்பதற்குள் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது. மகள்தான் விரலைக் குத்திப் பார்த்தாள். மூன்று சொச்சம். இனிப்புத் தண்ணீரை அவள் புகட்ட, பாதி தரையில் சிந்தியது. தெளிந்து பார்த்தபோது, மகள் தரையைத் துடைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

"சாரின்னு சொன்னேன். 'இட்ஸ் ஓகேம்மா, அது நீ இல்ல, சுகர்'ங்கிறா. நல்ல பொண்ணு. ஆனா எனக்குப் பயமாயிடுச்சு. கத்துனது நான் இல்லன்னா, சாரி சொன்னது யாரு? அந்த வார்த்த எங்கயோ இருந்துதானே வந்துச்சு? சுகருக்கு அதெல்லாம் தெரியுமா?"

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"கத்துனது வேணா சுகரா இருக்கட்டும். நீ வீட்ட விட்டுப் போயிடுவியேன்னு கெடந்து தவிக்கிறது நான்தான்னு சொன்னேன்." கீலைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினார். "அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து தரையத் தொடச்சோம். ஒட்டிக்கிச்சுல்ல, எறும்பு வந்துரும்."

போன மாதம் கல்யாணம் முடிந்து திவ்யதர்ஷினி தன் வீட்டுக்குப் போனாள். அதற்கு அடுத்த புதன்கிழமை, பாக்கியலட்சுமிக்குக் கடை விடுமுறை. காலையில் எங்கள் புளோக்குக்குக் கீழேயுள்ள கோப்பிக்கடையில் அவரைப் பார்த்தேன். பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ முன்னால் ஆறிக் கிடந்தது. பக்கத்து நாற்காலியில் சந்தையில் வாங்கிய காய்கறிப் பை. அவர் அழுதுகொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் போகலாமா வேண்டாமா என்று நான் தயங்கி நிற்கையில் சேதுபதி வந்தார். ராத்திரி வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும்; கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். என்ன கேட்கப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்கவில்லை.

"வீடு ரொம்ப அமைதியா இருக்குல்ல?" என்றார்.

பாக்கியலட்சுமி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். காய்கறிப் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டார்.