கடலடியிலிருந்து வந்த பைகள்

எழுபதுகளின் கடைசியில் தந்தி மறுநாளே வந்துவிடும். சரக்குக் கப்பல் ஆடி அசைந்துதான் வரும். அதனால் என் கணவர் கடலில் விழுந்த செய்தி முதலில் வந்தது. அவர் அனுப்பியிருந்த மண் பைகள் அதன் பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன.

தீவுகளை ஒட்டிய கடலில் எண்ணெய் தேடித் துளையிடும் கப்பலில் அவர் புவியியலாளர். துளையிலிருந்து மேலே வரும் பாறைத் துகளைத் துணிப்பையில் கட்டி, ஆழத்தைத் தன் கையாலேயே எழுதி அனுப்புவார். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறி நகரத்து ஆய்வகத்துக்குப் போய், அதைக் கழுவி, அதிலிருக்கும் பொடிச் சிப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பாறையின் வயதைச் சொல்வது என் வேலை. கப்பலிலிருந்து படகுக்கு இறங்கும்போது விழுந்துவிட்டார் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை.

வேலையை விட்டுவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். எப்படி விடுவேன்? அவர் எழுத்து அங்கேதானே வந்துகொண்டிருந்தது. மாலையில் தாம்பரம் ஸ்டேஷனில் தோள்பையோடு இறங்கும் ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்ப்பேன். என் நகத்திடுக்கில் அவர் விழுந்த கடலின் சேறு இருக்கும். சோறு பிசையவே பயமாக இருக்கும்.

அவருடைய கடைசிப் பைகளில்தான் வில்லங்கம். ஆழம் கூடக் கூடப் பாறைக்கு வயதும் கூட வேண்டும். இங்கே கிழட்டுப் பாறைக்கு அடியில் திடீரென்று இளம் பாறையின் சிப்பிகள்.

"பையை மாத்தி எழுதிட்டாரும்மா. தூக்கமில்லாத வேலை, மனுஷன்தானே. ரிப்போர்ட்ல அப்படியே போட்டுடலாம்," என்றார் என் மேலதிகாரி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வீட்ல மிளகு டப்பாவுல சீரகம் இருந்தாலே முகத்தைத் தூக்கி வெச்சிப்பார் சார். அவரா மாத்துவார்? அடுத்த பைங்க வரட்டும்."

எதிரில் இல்லாத ஆள்மேல் பழி போடுவது சுலபம். அந்தக் கடலடியில் நிலத்தை நிலம் நெருக்கித் தள்ளுகிறது. பாயைத் தள்ளினால் மடிப்பு ஏறுவதுபோல் பழைய பாறை புதியதன்மேல் ஏறியிருக்கலாம். அப்படியானால் இன்னும் கீழே போனாலும் இளம் பாறையே தொடர வேண்டும்.

அடுத்த பைகள் வந்தன. அவருக்குப் பதிலாகப் போனவர் கட்டியவை. கழுவிப் பார்த்தேன். என் கணவர் விட்ட ஆழத்திலிருந்து கீழே அதே இளம் சிப்பிகள்.

மேலதிகாரியும் வெகுநேரம் பார்த்தார். "அவர் எழுதினதுதாம்மா சரி. இப்ப நிம்மதிதானே?"

தலையாட்டினேன். காலிப் பை என் கையில் இருந்தது. அதில் ஆழத்தை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அதுவரைக்கும் அவர் எங்கேயோ கரையேறியிருப்பார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்குத்தான் அவர் செத்தார்.