வெள்ளிக்கிழமைப் பச்சை

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தேன். உயிருள்ள செல்களுக்குள் ஒரு சாயத்தை ஏற்றி, நுண்ணோக்கி வழியாக நீல ஒளியைப் பாய்ச்சுவோம். சாயம் பச்சையாக ஒளிரும். செல்லுக்குள் அமிலம் குறையக் குறையப் பச்சை கூடும். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன் நான். ஆனாலும் முதல்நாள் வாயடைத்துப் போனேன்.

நான் உதவியது ஓர் ஆங்கிலேய மாணவிக்கு. அவளுடைய மருந்து புற்றுநோய்ச் செல்லின் அமிலத்தைக் குறைக்கிறது என்று காட்டிவிட்டால் டாக்டர் பட்டம். புதன்கிழமை மருந்தில்லாமல் பார்ப்போம், வெள்ளிக்கிழமை மருந்து விட்டு. புதன் செல்கள் மங்கிக் கிடக்கும். வெள்ளிச் செல்கள் பச்சைப் பசேலென்று எரியும். மருந்தைத் துளித்துளியாக விடுவது என் வேலை. கை நடுங்காதவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெருமையில், திறந்த கிண்ணத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பேன்.

வெள்ளி எனக்கு விரதநாள். ரெய்னர்ஸ் லேன் வீட்டில் சாமி கும்பிட்டு, மூன்று குறி விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு ட்யூப் ரயில் ஏறுவேன். மற்ற நாட்களில் ஒரு சின்னக் கீற்றுத்தான், வேலைக்கு வருமுன் அழிந்துவிடும். முடிவுகள் நன்றாக வரத் தொடங்கியதும் அவளே என் நெற்றியைப் பார்த்து, "வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன, இன்றும் நமக்கு ராசிதான்" என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு வெள்ளி வழக்கம்போலப் பச்சை ஏறியது. "மருந்து அருமையாக வேலை செய்கிறது" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இன்று மருந்தே இல்லை. சரிபார்க்க வெறும் உப்புநீர்தான் தந்தேன்."

குனிந்து பார்த்தேன். நுண்ணோக்கியின் கறுப்புத் தட்டில் வெள்ளைத் தூள். நெற்றியைத் தொட்டேன், உதிர்ந்தது. சாம்பல் காரம், அமிலத்தைத் தின்னும் என்று எத்தனை வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்! அவள் இன்னும் கவனிக்கவில்லை. துடைத்துவிடலாம் என்று என் கை துணிவரை போனது. வெட்கக்கேடு.

துடைக்கவில்லை. நெற்றியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் புதுக் கிண்ணத்தில் போட்டு அவளையே பார்க்கச் சொன்னேன். பச்சை ஏறியது.

"எத்தனை வெள்ளிக்கிழமைகள்?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாமே" என்றேன்.

அடுத்த வெள்ளி, மனைவி நீட்டிய விபூதித் தட்டை வேண்டாமென்றேன். திகைத்துப் போனாள். "என்னப்பா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா? கடவுளோட கோவமே?"

"கோவமில்லை. இண்டைக்கு வெறும் நெத்தியோடதான் போக ஏலும்."

இந்தமுறை உண்மையான மருந்து. அவள் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். துளி விட்டேன். விபூதி பூசிய எந்த வெள்ளியிலும் நான் கடவுளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

செல்கள் மங்கியபடியே கிடந்தன.