வீரமுத்துவின் அருள்வாக்கு

வீரமுத்து அதிர்ந்து பேசுகிறவன் இல்லை. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போவான், வருவான், அண்ணி கொளஞ்சியம்மாள் போட்டதைச் சாப்பிடுவான். தாயில்லாப் பிள்ளையை எடுத்து வளர்த்தவள் அவள்தான். அப்படிப்பட்டவன் வாயிலிருந்துதானா அது வரவேண்டும்!

எழுபத்தெட்டாம் வருஷம் அவனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. மலேரியா ஆபீஸ்காரர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு, கசப்பு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். காய்ச்சல் விட்டது; புத்தி ஏறுமாறாகிவிட்டது. தூக்கமில்லை. சுவர் பேசுகிறது என்றான். ஒருநாள் காலையில் அண்ணி நீட்டிய கஞ்சிச் சட்டியைத் தட்டிவிட்டுத் தெருவில் நின்று கத்தினான்.

"இவ சோத்துல வெசம் வைக்கிறா! குடும்பத்தையே கருவறுக்கப் பாக்குறா!"

கண் சிவந்து, உடம்பு ஆடக் கத்தினால் நம் ஊருக்கு வேறென்ன வேண்டும்? ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். ஒருத்தி வேப்பிலையைக் கையில் திணித்தாள். "சாமி வந்து சொல்லுதுப்பா" என்று ஒரு பெரிய மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு யார் சொல்லி யார் கேட்பது? அண்ணன் நல்லதம்பி அன்றைக்கே பெண்டாட்டியை வேப்பந்தட்டையில் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

வீரமுத்துவை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அதற்குப் பிறகுதான். "சில பேருக்கு இந்த மாத்திர புத்தியக் கலக்கிரும். இனிமே தொடாத, தெளிஞ்சிரும்" என்றார் டாக்டர்.

தெளிந்தது. அதுதான் கொடுமை. கத்தியதெல்லாம் ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. தெருப் பெண்கள் அவனைக் கும்பிட்டு வாக்குக் கேட்டபோது நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. "சாமியில்ல, மாத்திர" என்றான். சாமி தன்னை மறைக்கிறது என்றார்கள். அண்ணனோ, "ஊரறியக் கொண்டுபோயி வுட்டாச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் கூப்புடுறது? நீயே போ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பஸ் ஏறிப் போனான். அண்ணி பருத்திக் காட்டில் இருந்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"என்ன மன்னிச்சிரு அண்ணி. வூட்டுக்கு வா."

அவள் தூக்குவாளிக் கஞ்சியை லோட்டாவில் ஊற்றி நீட்டினாள். கூட வேலை செய்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அழுதுகொண்டே ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"ஒன்னய மாத்திர பேச வச்சுது, சரி" என்றாள். "ஒங்க அண்ணனுக்குக் காய்ச்சலே வரலியே. அவரு எந்த மாத்திரயத் தின்னுட்டு என்னயக் கொண்டாந்து வுட்டாரு?"

வீரமுத்து வெறும் லோட்டாவைத் தூக்குவாளி மேல் கவிழ்த்து வைத்தான். அவள் பருத்தி எடுக்கப் போய்விட்டாள்.