ஓவசியர் வீட்டில் ஒரு வெளிச்சவீடு

கொழும்பிலிருந்து ரெசின் பார்சல் வந்த அன்றைக்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. வட்டக்கச்சிச் சந்தியில் நின்றுகொண்டு கூரியர்காரர் வழி கேட்டார். போனை எடுத்த என் மனைவி, "ஓவசியர் வீடு எண்டு கேளுங்கோ, ஆரும் காட்டுவினம்" என்றாள்.

ஓவசியர் என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்த என் மாமனார். அவர் கண்ணை மூடி நாலு வருடமாகிறது. ஆள் போயும் பெயர் போகவில்லை. அவர் கட்டி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு இது. நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, தாலி கட்டிய கையோடு ஒரு சூட்கேசுடன் இங்கே வந்து சேர்ந்தவன். ஒன்பது வருடமாக ஊரெல்லாம் வயரிங் வேலை செய்கிறேன், இருந்தும் நான் 'ஓவசியர் வீட்டு மருமகன்'தான். கதிரையிலிருந்து அலுமாரிவரை எல்லாம் மாமா வாங்கியவை. என் கையால் செய்த ஒரு சாமானாவது முன் அறையில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

அதற்குத்தான், ஊற்றினால் கண்ணாடிபோல இறுகும் இந்த ரெசினில் ஒரு குட்டி வெளிச்சவீடு, கப்பலுக்குக் கரை காட்டும் விளக்குக் கோபுரம். ஒரு முழ உயரம், தலைக்குள் பல்ப் எரியும்.

"கடலே இல்லாத ஊரில வெளிச்சவீடு ஆருக்கப்பா? இரணைமடுக் குளத்தில கப்பல் வரப்போகுதோ?" என்று மனைவி சிரித்தாள்.

"சிரியும், சிரியும். எரியேக்க பாப்பம்" என்றேன்.

முன்பு அவள் கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டினேன். அதுதான் அச்சு. நடுவில் வயர் போக ஒரு மெல்லிய குழாய். ரெசின் இரண்டு பங்கு, இறுக்குகிற மருந்து ஒரு பங்கு என்று போத்தலில் எழுதியிருந்தது. நானோ என் கண்தான் அளவுகோல் என்ற திமிரில் ஒரு மதிப்புக்குக் கலந்து ஊற்றினேன். மூன்று நாளாகியும் இறுகவில்லை. தொட்டால் பலாப்பால் மாதிரி விரலோடு வந்தது.

"ஈரக்காத்துதான் காரணம்" என்றேன்.

"ஓமோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

இரண்டாம் முறை இருமல் மருந்து மூடியால் அளந்தேன். குமிழ் வராமல் மெதுவாகக் கலக்கி, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று ஒன்று இறுக அடுத்ததை ஊற்றினேன். கடைசியாகத் தலைப்பகுதிக்கு நிறமே சேர்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. விறாந்தையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால், முற்றத்தில் அவள் சுளகோடு நின்று நெல் தூற்றுகிறாள். காற்று விறாந்தைப் பக்கம் திரும்பியிருந்தது. என் வெளிச்சவீட்டின் தலை முழுக்கப் பதர்!

"கோதாரி! உமக்குத் தூற்ற வேற இடமில்லையோ? இந்த வீட்டில எனக்கெண்டு ஒரு சாமான் இருக்கக் கூடாதோ?"

சொன்ன பிறகுதான், ஒன்பது வருடமாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது என்று விளங்கியது. அவள் சுளகை வைத்துவிட்டு ஊசியோடு வந்து ஒரு பதரைத் தோண்டிப் பார்த்தாள். ரெசின் இறுகத் தொடங்கிவிட்டதால் அது வரவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த நாள் எக்ஸ்ரேயை உரித்து, குழாய்க்குள் குட்டி பல்ப்பைப் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். உள்ளிருந்த பதரெல்லாம் பொன்னாக மினுங்கியது. உண்மையைச் சொன்னால், அந்தப் பதர் விழாவிட்டால் இவ்வளவு வடிவு வந்திராது. அவள் யன்னல் மேசையிலிருந்த தகப்பனின் ரேடியோவைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தாள்.

"இதில நிக்கட்டும். ரோட்டுக்கும் தெரியும்" என்றாள்.

இன்னொன்று செய்யும் ஆசையில் மறுபடி ரெசின் எடுப்பித்தேன். இந்த முறை வேறொரு கூரியர்காரர். நான் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் அவள் போனில் பேசுவது கேட்டது.

"சந்தியால உள்ளுக்கு வாங்கோ. யன்னலில ஒரு வெளிச்சவீடு நிக்கும், அந்த வீடுதான்... ஓமோம், கடையில வாங்கேல்ல. எங்கட இவர் செய்தது."

கிரீஸ் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.

"என்னப்பா, பட்டப்பகலில?"

"அந்தாள் வழி மாறிப் போயிடுமப்பா" என்றேன்.