எடை மேடையில் நிற்க வந்தோம்

எங்கள் பிக்கப் வண்டி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது சாம்பார்தான்.

என் மனைவி ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் சமைத்து, பெரும்பாக்கத்தில் ஓர் அலுவலக கேண்டீனுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறாள். சமைக்க இரண்டு பெண்கள் உண்டு. வண்டியை அவளே ஓட்டுவாள். சோறும் கூட்டும் வைத்தது வைத்தபடி போய்ச் சேர்ந்தன. சாம்பார் அண்டா மட்டும் இடது விளிம்பில் வழிந்து, வண்டித் தளத்தில் மஞ்சளாக ஓடி, பின்கதவு வழியாகச் சொட்டிக்கொண்டு போனது. கேண்டீன் பொறுப்பாளர் முதலில் சிரித்தார். அலுவலக லிஃப்டில் சாம்பார் சொட்டியிருப்பதாகப் புகார் வந்த பிறகு சிரிக்கவில்லை.

"மேடம், இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணிடுங்க. வேற ரெண்டு பேர் ஆர்டர் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார்.

அவளுக்கு இருப்பது அந்த ஒரு ஆர்டர்தான். வண்டியையே அதை நம்பித்தான் வாங்கினோம்.

கொஞ்சம் குறைவாக ஊற்றலாமே என்றேன்.

"கடைசியா வர்றவங்களுக்கு வெறும் சோறுதான்னு நீங்க வந்து சொல்றீங்களா?"

கிளிப் வைத்த மூடி வாங்கலாமே என்றேன்.

"சூட்டோட இறுக்கி மூடினா மத்தியானத்துக்குள்ள ஊசிடும். நீங்க ஆபீஸ் கிளம்புங்க."

எனக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க அளப்பவன். அன்று மாலையே டேப்பும், சரிவு பார்க்கும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போனேன். ரசமட்டத்தை வண்டித் தளத்தில் குறுக்கே வைத்தேன். குமிழி வலது பக்கம் ஒதுங்கியது. அதாவது இடது பக்கம் தாழ்வு. நிச்சயப்படுத்திக்கொள்ள வண்டியைத் திருப்பி, வழக்கமாக நிற்கிற மாதிரி நிறுத்தச் சொன்னேன். இப்போது வண்டியின் வலது பக்கம் தாழ்வு.

வீட்டுத் தரைதான் சரிந்திருந்தது. மழைத்தண்ணீர் வெளியே போகட்டும் என்று நானே மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய சரிவு அது.

எனவே முதலில் ஒரு சமமான தரை வேண்டியிருந்தது. இதை எளிய காரியம் என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவை இரண்டு முறை உயர்த்திப் போட்டதில் அது எந்தப் பக்கம் சரிகிறது என்று தெருவுக்கே தெரியாது. கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்தம் சாக்கடையை நோக்கிச் சரிந்தது. பெட்ரோல் பங்கில் குனிந்து ரசமட்டம் வைத்துக்கொண்டிருந்தபோது அங்கே வேலை செய்கிறவர் வந்து, "சார், காத்து புடிக்கணுமா?" என்றார்.

"இல்லை, தரை பார்க்கிறேன்."

"வாங்கப் போறீங்களா?"

தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை ஸ்கூட்டரில் நிறுத்தி நிறுத்தி வந்தேன். தண்ணீர் ஓட வேண்டும் என்று எல்லா இடத்தையும் சரித்து வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அங்கேயேதான் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

கடைசியில் ஜல்லி லாரிகளை எடை போடும் மேடை ஒன்று கிடைத்தது. இரும்புத் தகடு. ரசமட்டத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் குமிழி நடுவிலேயே நின்றது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுபவர் இருக்கையில் இருந்தால்தான் அளவு சரியாக வரும். அவள் வர மறுத்தால் அதே எடைக்கு அரிசி மூட்டை வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னேன்.

"எத்தனை கிலோ வைப்பீங்க?" என்றாள்.

திருமணமாகி இத்தனை வருடத்தில் நான் அளக்காமல் விட்டவை சில உண்டு. அவளே வருவதாக முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி, வழக்கமான இடத்தில் அடுக்கி, மேடை மேல் வண்டியை ஏற்றினாள். எதிரே கூரைக்கு மேல் ஒரு பெரிய பலகையில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. அவள் அதைப் பார்த்தாள். அவள் இறங்கி ஏறினால் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெருவில் போகிற யாரும் கழித்துக்கொள்ளலாம்.

"அண்ணா, அந்த போர்டை ஆஃப் பண்ணுங்க" என்றாள், மேடைக்காரரிடம்.

"ஆஃப் பண்ணா எடை தெரியாதுக்கா."

"எடை வேணாம். நாங்க நிக்கத்தான் வந்தோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் டேப்பைக் காட்டினேன். பலகையை அணைத்துவிட்டு, எடை போடுவதற்கான கட்டணத்தை முழுவதும் வாங்கிக்கொண்டார்.

நான்கு சக்கரங்களுக்கும் மேலே மட்கார்டு விளிம்பிலிருந்து தரை வரை அளந்தேன். மூன்று இடங்களில் பேசும்படியான வித்தியாசம் இல்லை. பின்புறம் இடது பக்கம் மட்டும் இருபத்திரண்டு மில்லிமீட்டர் தாழ்வு. காரணம் கண்ணெதிரே இருந்தது. வீட்டில் வண்டியின் இடது பக்கம்தான் கொட்டகையைப் பார்த்து நிற்கும். தூக்கிக்கொண்டு வருகிற கனமான அண்டாக்களை கைக்கு எட்டிய பக்கமே வைத்துவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து போயிருந்தன.

தாம்பரத்தில் லாரிகளுக்குப் பட்டை போடும் கடைக்காரர் பழைய பட்டைகளை அடித்து வளைத்து, கூடுதலாக ஒன்றும் சேர்த்துக் கட்டினார். இருபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அந்தச் சீட்டில் வெற்றிலையை மடித்துக்கொண்டார். ஆனாலும் மறுபடி மேடையில் ஏற்றிப் பார்த்தபோது வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். அண்டாக்களை இனி இரண்டு பக்கமும் சமமாக வைக்கும்படி தளத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் சாம்பார் வழிந்தது. முன்னைவிடக் குறைவு, ஆனால் அதே இடது பக்கம். "மாசம் முடியப்போகுது மேடம்" என்று மட்டும் பொறுப்பாளர் சொன்னாராம்.

அடுத்த நாள் விடுப்பு எடுத்தேன். வண்டியின் பின்னால், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில், என் எடை எந்தப் பக்கமும் சேராதபடி நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு, ரசமட்டத்தைத் தளத்தில் வைத்தேன். கேட்டைத் தாண்டி மெயின் ரோடு ஏறியதும் குமிழி வலது பக்கம் போனது. போனது போனதுதான். மேடவாக்கம் வரை அங்கேயே நின்றது. ஒரு முறை மட்டும், நின்றுகொண்டிருந்த பஸ்ஸைத் தாண்ட அவள் ரோட்டின் நடுவுக்கு வந்தபோது, குமிழியும் நடுவுக்கு வந்தது. மறுபடி இடது ஓரம் ஒதுங்கினாள்; குமிழி வலது பக்கம் போய்விட்டது.

ரோடு நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. நாம் இடது ஓரம் ஓட்டுகிறவர்கள். வண்டி சமமாக இருந்தது. அதைச் சுமந்த ரோடு பெரும்பாக்கம் வரை இடது பக்கம் சாய்ந்திருந்தது.

கேண்டீன் வாசலில் இறங்கி இதை அவளுக்கு விளக்கினேன். அவள் அண்டாவின் இடது பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு நான் நடுரோட்டுலயே ஓட்டட்டுமா?"

"அது சட்டப்படி தவறு."

"அப்போ வண்டியைச் சாய்ங்க."

"இப்போதுதானே சமமாக்கியிருக்கிறேன்?"

"ஏங்க, வண்டியை மேடையில நிறுத்தி வச்சா யாராவது ஆர்டர் குடுப்பாங்களா?"

சாயங்காலமே பட்டைக் கடைக்குப் போனோம். வண்டியின் இடது பின்பக்கத்தை இன்னும் முப்பது மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும் என்றேன்.

கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். "சாஞ்சிகினு இருந்துச்சு, மட்டம் பண்ணச் சொன்ன. பண்ணேன். இப்போ நல்லா கீற வண்டிய அந்தப் பக்கம் சாய்க்கச் சொல்ற. உனக்கு இன்னா சார் வேணும்?"

"சாம்பார் வழியக்கூடாதுண்ணா" என்றாள் என் மனைவி.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானக்கா" என்று ஸ்பேனரை எடுத்தார்.

அடுத்த நாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அண்டாவின் வெளிப்பக்கம். சுத்தமாக இருந்தது. மாதக் கடைசியில் பொறுப்பாளர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் எத்தனை பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இப்போது வண்டி வீட்டில் நிற்கும்போது வலது பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. காலையில் நான் காபி குடிக்கும் நாற்காலி அதற்கு நேர் எதிரே. வலது சக்கரத்துக்கு அடியில் வைக்க முப்பது மில்லிமீட்டரில் ஒரு பலகை செய்து வைத்தேன். இரண்டு நாள் வைத்தேன். மூன்றாம் நாள் அது கொட்டகையில் தேங்காய் உடைக்கும் இடத்தில் கிடந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் கேட்டருகே நின்று, "சார், உங்க வண்டி ஒரு பக்கமா சாஞ்சிருக்கே, கவனிச்சீங்களா?" என்றார்.

நான் ரோட்டின் சரிவிலிருந்து ஆரம்பிக்கலாமா, எடை மேடையிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கொட்டகையிலிருந்து அவள் குரல் வந்தது.

"பெரும்பாக்கம் போற வழியில நேராயிடும் சார்."