விடுப்பு கொடுக்கிற வேலை

அடுத்தவர்களுக்கு விடுப்பு கொடுப்பதுதான் என் வேலை. நியூ டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் ஊழியர்கள் விடுப்பு கேட்டுப் பேசும் தொலைபேசிகளை எடுப்பேன். அங்கே விடியும்போது இங்கே சாயங்காலம். பிரசவம், ஆபரேஷன், தத்து, எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு ஒரு விடுப்பு உண்டு. ராணுவத்தில் அடிபட்ட பிள்ளையையோ கணவனையோ கூடப் பிறந்தவனையோ பார்த்துக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் வரை எடுக்கலாம், வேலை அப்படியே காத்திருக்கும். அதைக் கேட்டு வருபவர்களிடம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசச் சொல்லிப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். நானும் தாழ்த்திப் பேசி எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம் என் தம்பிக்கு அடிபட்டது.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. வங்காளத்துக்குப் பிழைக்க வந்து, கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா ஓய்வு பெறும் முன்பே போய்ச் சேர்ந்தார். அம்மாவும் பின்னாலேயே போனாள். தம்பி பட்டாளத்தில் சேர்ந்தான். வடக்கே மலைப்பாதையில் லாரி உருண்டதில் அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இந்த ஊர் ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, செயற்கைக் கால் பொருத்தும் வரை வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பினார்கள். அவனுக்கு லீவு சுலபமாகக் கிடைத்துவிட்டது. டாக்டர் என்னிடம் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றைத்தான்: விழக் கூடாது. விழுந்தால் புண் பிரியும், செயற்கைக் கால் தள்ளிப் போகும், அதனால் கூடவே ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

மறுநாளே எச்.ஆர். அதிகாரியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், வங்காளி, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அமெரிக்க விதி நமக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டு, கணினியில் எங்கள் கம்பெனி விடுப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கல்யாணத்துக்கு இருக்கிறது, பிரசவத்துக்கு இருக்கிறது, கூடப் பிறந்தவர் இறந்தால்கூட இருக்கிறது என்று வந்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி உயிரோடு திரும்பி வந்தது தப்பா? "அப்படியானால் செத்திருந்தால் கொடுப்பீர்கள்" என்று வங்காள மொழியிலேயே கேட்டுவிட்டேன். பாவம், அவர் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். சரி, சம்பளமில்லாமல் போகிறேன் என்றேன். போகலாம், ஆனால் திரும்பி வரும்போது உன் நாற்காலியில் வேறு ஆள் இருந்தால் நான் பொறுப்பில்லை என்றார். எங்கள் வாடகை வீடு அந்த நாற்காலியை நம்பித்தான் இருந்தது.

கடைசியில் மேலாளர் பேசி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவைத்தவள் என்றது ஆபீஸ் முழுக்க. நானும் அப்படித்தான் நினைத்தேன், விதிகளைப் படிக்கும்வரை. பேசுகிறவர்களின் விவரங்கள் ரகசியமாம். அதனால் அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும், கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சின் நடுவே நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே கூடாது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் மொத்தம் இரண்டு அறை. ஒன்றில் அவன், ஒன்றில் நான். அவன் இருமுவது கேட்கும், டம்ளர் உருளுவது கேட்கும், ஊன்றுகோலைத் தேடித் துழாவுவது கேட்கும். நான் யாரிடமோ பிறந்த தேதி கேட்டுக்கொண்டிருப்பேன். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, நாங்கள் மாஷி என்று கூப்பிடுகிறவள், லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிற நேரமும் நான் கதவைச் சாத்துகிற நேரமும் ஒன்றுதான். நியூ டவுனில் இருந்தால் தூரத்தில் மாட்டிக்கொண்டேன் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஒரே வீட்டுக்குள், கூப்பிடு தூரத்தில், கையைக் கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"எதுனா வேணும்னா சத்தம் போட்டுக் கூப்பிடுடா, வந்துடுறேன்" என்று சொல்லிவைத்திருந்தேன்.

"ட்யூட்டில நிக்கிறவங்கள நாங்க கூப்பிட மாட்டோம்" என்பான். திமிர்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, எங்கள் பௌதி, விளக்கேற்றிச் சங்கு ஊதி முடித்த நேரம், ஓர் அம்மாள் பேசினார். ராணுவத்தில் இருக்கும் மகனுக்கு முதுகெலும்பில் அடி, தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. நான் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு முனகல்கூட இல்லை. வாய் மட்டும் அது பாட்டுக்கு விதிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தது, உடம்பு நாற்காலியைவிட்டு எழவில்லை.

அந்த அம்மாள் குறுக்கிட்டார். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான், எனக்குக் கேட்டது இப்படி: "அங்க யாரோ விழுந்துட்டாங்கம்மா. போ, போய்ப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

குளியலறை வாசலில் மல்லாந்து கிடந்தான். வெட்டுப்பட்ட காலை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தான். காலில் சுற்றியிருந்த கட்டுத் துணியில் ரத்தக் கறை இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

"கூப்பிட்டா என்னடா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கால் தரையில படலக்கா. பாத்துத்தான் விழுந்தேன். நீ போ, கேமரா ஓடுது."

"பாத்து விழுந்தாராம் தொர! கால் ஒண்ணு கொறஞ்சும் எரும மாடு மாதிரி கனக்குற."

அக்குளில் கைகொடுத்து இழுத்துக் கட்டிலில் சேர்த்தேன். அவன் சிரித்தான், பாவி. ஓடி வந்து உட்கார்ந்த வேகத்தில் கதவைச் சாத்த மறந்துபோனேன்.

அந்த அம்மாள் சொன்னபடியே காத்திருந்தார். யார் விழுந்தது என்று கேட்டார். சொந்தக் கதை பேசக் கூடாது என்பது விதி. சொன்னேன். தம்பி, பட்டாளம், கால். பிறகு, தனக்குக் கொடுக்கப்போகும் இதே விடுப்பு எனக்கும் உண்டுதானே என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில், இல்லாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பது தெரிந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கம், யாருக்காக வெட்கம் என்று இன்றுவரை தெரியவில்லை.

"எனக்கும் கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஆறு மாதம்" என்றேன், சுத்தமான ஆங்கிலத்தில்.

கடவுள் நல்லவர் என்றார் அவர். அவருக்கு ஆறு மாதத்துக்கும் அனுமதி போட்டேன்.

இணைப்பு அறுந்ததுமே அந்த அறையிலிருந்து குரல் வந்தது.

"யக்கா! லீவு கெடச்சிடுச்சா? எங்கிட்ட சொல்லவே இல்லயே!"

கேலியாகக் கேட்டிருந்தால் ஒரு கத்து கத்தியிருப்பேன். அவன் சந்தோஷமாகக் கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. எட்டிக் கதவைச் சாத்திவிட்டு எடுத்தேன்.