டர்ட் டாக்

பேஸ்பால் ஆட்டத்தில் மகள் மண்ணில் சறுக்கி விழுந்து பேஸைத் தொட்டதும் கோச் கத்தினார்: "டர்ட் டாக்!" ஈரச் செம்மண் வாசனை வேலிக்கு இந்தப் பக்கம்வரை வந்தது.

இதே ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் சிறுவயதில் எனக்கும் அந்தப் பெயர் கிடைத்தது. அடிபட்டாலும் பொருட்படுத்தாமல், நாய் மாதிரி மண்ணில் புரண்டு ஆடுகிறவனுக்குக் கொடுப்பது. யூனிஃபார்ம் எவ்வளவு அழுக்கோ அவ்வளவு மரியாதையாம். அம்மா அதை பாத்டப்பில் ஊறப்போட்டுக் கசக்குவாள். தண்ணீர் சிவந்து ஓடும்.

அப்பாவுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. கான்ட்ராக்ட் வேலை, லீவு போட்டால் வேலையும் அதோடு விசாவும் போய்விடும் என்ற பயத்தில் காய்ச்சலோடும் ஆபீஸ் போவார். ஒரு காலை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே ஷூ மாட்டினார்.

"டாக்டர்ட்ட போலாங்க," என்றாள் அம்மா.

"ஐ'ம் ஃபைன்டி. நானும் டர்ட் டாக்தான்," என்று சிரித்தார்.

பஸ் ஸ்டாப்பில் விழுந்தவர் வீடு திரும்பவில்லை.

மைதானத்தில் கைதட்டல் ஓயவில்லை. மகள் இடது காலை ஊன்றாமல் நின்றாள். வேலிக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன்.

"கோ பேக், அப்பா. ஐ'ம் ஃபைன்," என்றாள், என் அப்பாவின் அதே சிரிப்போடு.